பொதுச் சொற்களுக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

அரியலூர்,
14.6.2024

அன்புள்ள தம்பி ராஜதுரைக்கு அக்கா மேகலா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஹேமலதாவையும் ப்ரியாவையும் கேட்டதாகச் சொல்.

போனில் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று ஹேமா கேட்டாளாம். போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்பாய். மறுநாள் "அப்புடி நான் எங்கக்கா சொன்னேன்?" என்பாய். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவள் நான். எழுத்தில் இல்லாத எதுவும் அங்கே நடந்ததாகக் கணக்கில்லை. உன் விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் எனக்குப் பாதுகாப்பு.

நீ அனுப்பிய கட்டு வந்தது. தமிழ்வழியில் படித்துவிட்டு உங்கள் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்களுக்குக் கலைச்சொல் அகராதி போடுகிறாய், நல்ல காரியம். எல்லாத் துறைக்கும் பொதுவான சொற்களை நான் எழுதித் தர வேண்டும் என்கிறாய், அதுவும் சரி. ஆனால் நீ மாதிரிக்கு எழுதி அனுப்பிய பக்கம் இருக்கிறதே, அடடா! 'சுமை' என்ற சொல்லுக்கு நேரே சிவில் கட்டத்தில் அரைப் பக்கம் எழுதிவிட்டு எலெக்ட்ரிக்கல் கட்டத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறாய். கோடைக்குக் கோடை டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி உட்கார்ந்து என் உயிரை வாங்கியது சுமை இல்லாமல் வேறு என்ன, உன் மாமியாரா? பேராசிரியர் என்று பலகையில் வேறு போட்டுக்கொள்கிறாய்.

எழுதித் தருகிறேன். ஒரே நிபந்தனை. அட்டையில் இரண்டு பெயரும் வரவேண்டும், ஒரே அளவு எழுத்தில். அப்பா போனபிறகு, "சம்பாதிக்கிற பொண்ணுக்கு நெலம் எதுக்கு?" என்று சித்தப்பா சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு பட்டுப் புடவையை மடியில் வைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள். நிலத்தை விட்டேன். சொல்லில் ஒரு சென்ட் விடமாட்டேன்.

இப்படிக்கு,
அக்கா மேகலா

*

பெரம்பலூர்,
2.7.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு ராஜதுரை வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ப்ரியாவுக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது, நல்ல குடும்பம்.

சுமையைப் பற்றித் தாங்கள் எழுதியது முற்றிலும் சரி. வேலைப் பளுவில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். உங்களைவிட்டால் இதற்கு ஆள் கிடையாது என்று எங்கள் கல்லூரிச் சேர்மனிடமே சொல்லியிருக்கிறேன். கிடுகிடுவென்று எழுதி அனுப்புங்கள்.

அட்டைப் பெயர் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

தங்கள் அன்புத் தம்பி,
ராஜதுரை

*

அரியலூர்,
4.8.2024

தம்பி ராஜதுரைக்கு, நலம், நாடுவதும் அதுவே. தைலம் வரவில்லை. ஜெயங்கொண்டத்துக்காரர்களை நன்றாக விசாரித்துக்கொள்.

'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று நீ எழுதினால் நேரில் வரப்போவதில்லை என்று அர்த்தம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போகட்டும்.

முதல் பகுதி இத்துடன் இருக்கிறது. சுமை, தகைவு, திரிபு, கடைக்கால், நழுவல், அயர்வு. உன் கண்ணுக்குக் கடைக்கால் என்றால் வீட்டுக்குத் தோண்டுவது மட்டும்தான். மோட்டாருக்கும் கடைக்கால் உண்டு, உயரழுத்தக் கோபுரத்துக்கும் உண்டு. ஆலையில் மோட்டார் ஆடுகிறது என்றால் மெக்கானிக்கல்காரன் கடைக்காலைக் குறை சொல்வான், சிவில்காரன் மோட்டாரைக் குறை சொல்வான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "கரண்ட்டுல ஏதோ கோளாறுங்க" என்று என்மேல் போடுவார்கள். இவர்களுக்கு ஒரே சொல்லைக் கொடுத்து ஒரே பக்கத்தில் உட்கார வைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த வேலையை உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. திருச்சியில் முதலாண்டு சேர்ந்தபோது ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று வாத்தியார் பலகையில் எழுதினார். ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்தில் தகைவும் திரிபும் தலைகீழ்ப் பாடமாகப் படித்தவள் நான். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. முதல் பருவத்தில் தோற்றேன். அப்பா பெட்டியோடு என்னைக் கூட்டிப்போக விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். அழுது, காலைப் பிடித்து இன்னொரு பருவம் வாங்கினேன். அன்றைக்கு என் கையில் இல்லாத புத்தகத்தைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அதனால்தான் அதில் என் பெயர் இருக்க வேண்டும். புரிகிறதா?

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். சிவில் கட்டத்தை நீயே எழுதிவிட்டாய், அதை நான் தொடவில்லை. மற்ற கட்டங்களைப் படித்துப் பார். படித்தால் கட்டாயம் கோபமாக ஒரு கடிதம் போடுவாய். போடவில்லை என்றால் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேகலா

*

பெரம்பலூர்,
9.9.2024

அன்புள்ள அக்கா அவர்களுக்கு, வணக்கம். இறைவன் அருளால் அனைவரும் நலம்.

தாங்கள் அனுப்பியதை வரிக்கு வரி படித்தேன். மிக அருமை. ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகள் எளிமையாக, மாணவர்களுக்கு ஏற்றபடி உள்ளன.

மீதியையும் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. சிவிலில் இந்த வருடம் சேர்க்கை கொஞ்சம் குறைவு. நேற்றுகூட பூலாம்பாடிப் பக்கம் போய்ச் சில பெற்றோர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். வெயில் அதிகம்.

பிழைதிருத்தமும் நீங்களே பார்த்துவிட்டால் எனக்குப் பெரிய உதவி.

அன்புடன்,
ராஜதுரை

*

அரியலூர்,
27.10.2024

தம்பிக்கு, இங்கே மழை. மாமாவுக்கு வலி கூடியிருக்கிறது. தைலம் இன்னும் பெரம்பலூரிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறது போல.

'எளிமையாக, மாணவர்களுக்கு ஏற்றபடி.' பலே! படிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுத நீ எங்கே கற்றுக்கொண்டாய்? பள்ளிக்கூடத்திலும் முக்கியக் கேள்விகளை மட்டும் படித்துக்கொண்டு போகிறவன்தானே. உன் கட்டத்தைத் தவிர வேறு கட்டத்தில் உன் கண் போகவே போகாது. எலெக்ட்ரிக்கல்காரி எழுதியதைப் படித்தால் சிவில் தீட்டாகிவிடுமா?

கோபப்படாதே, வேலை முடிந்தது. எல்லாச் சொற்களும் இதில் இருக்கின்றன. பிழையும் நானே பார்க்கிறேன். உன்னை நம்பி விட்டால் 'மின்னோட்டம்' என்பதை 'முன்னோட்டம்' என்று அடித்து ஒரு தலைமுறையைக் கெடுப்பாய்.

ஒன்று கேட்கிறேன். பேராசிரியர் எதற்குப் பூலாம்பாடியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கிறார்? பாடம் நடத்துகிற ஆளை வெயிலில் அனுப்பி ஆள் சேர்க்கச் சொல்கிற கல்லூரி என்ன கல்லூரி? நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாய், வெட்கமாக இல்லை?

இரண்டு பெயர். ஒரே அளவு. ஞாபகம் இருக்கட்டும்.

மேகலா

*

அரியலூர்,
16.1.2025

ராஜதுரைக்கு,

பொங்கல் வரிசை வந்து சேர்ந்தது. கரும்பு நன்றாக இருந்தது. அரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து எல்லாம் சரி. வழக்கமாக வருகிற நூல் சேலைக்குப் பதிலாகப் பட்டுப் புடவை வந்திருக்கிறது. நான்கு மாதமாகக் கடிதம் இல்லை, பட்டு மட்டும் வருகிறது. உன் மாமா, "தம்பிக்குப் பாசம் பொங்கிருச்சு" என்றார். அவர் நல்ல மனிதர், அப்படித்தான் பேசுவார்.

உன்னிடமிருந்து கடைசியாகப் பட்டு வந்தது எந்த நாளில் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது எதில் கையெழுத்து வேண்டும்? சுற்றி வளைக்காமல் எழுது.

மேகலா

*

பெரம்பலூர்,
30.1.2025

அன்பும் மரியாதையும் கொண்ட அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. தங்கள் உடல்நலமும் மாமாவின் உடல்நலமும் விரும்புகிறேன்.

கல்லூரி வெளியிடுகிற புத்தகத்துக்கு ஆசிரியர் என்று ஒருவர் பெயர்தான் இருக்கலாம், அவரும் கல்லூரியில் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று சேர்மன் சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிற்பாடு பிரச்சினை வரக்கூடாது என்று தங்கள் பகுதிக்கு எழுத்து மூலம் ஒப்புதல் கேட்கிறார். நம் வீரமணியிடம் சொல்லி ஒரு பத்திரம் தயார் செய்தேன். அவருக்கு நிலப் பத்திரம்தான் எழுதிப் பழக்கம், அதனால் மொழி கொஞ்சம் அப்படி இருக்கும். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னுரையில் தங்களுக்குத் தனியாக நன்றி எழுதியிருக்கிறேன். 'கையெழுத்துப் படியைச் செம்மையாக எழுதியும் பிழை திருத்தியும் உதவிய என் அன்புச் சகோதரி' என்று வருகிறது.

பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்து வேண்டும். சாட்சியாக மாமா போட்டால் போதும்.

தங்கள் தம்பி,
ராஜதுரை

*

அரியலூர்,
8.2.2025

ராஜதுரைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் வீரமணி எழுதியதை உன் மாமாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'அரியலூர் நகரில் வசிக்கும் அரங்கநாதன் மனைவி மேகலா, பெரம்பலூர் நகரில் வசிக்கும் உடன்பிறந்த தம்பி ராஜதுரைக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால், கீழ்க்கண்ட சொற்களில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. மேற்படி சொற்களைத் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' ஆண்டு அனுபவி ராசா! தகைவில் நெல் போடு, திரிபில் கடலை போடு. நான்கெல்லையை மட்டும் ஏன் விட்டான் அந்த மனுஷன்? சுமைக்கு வடக்கே அயர்வு, கிழக்கே பேராசிரியர் வீட்டுக் கொல்லை என்று எழுதியிருக்கலாமே.

உன் மாமா சிரிக்கவில்லை. "இந்தப் பயலுக்கு நீ எழுதிக் குடுத்தது போதாதா?" என்று மட்டும் கேட்டார்.

செம்மையாகப் படி எடுத்து உதவிய சகோதரி! உனக்கு நழுவல் என்றால் மோட்டார் தன் வேகத்தில் பின்தங்குவது என்றே தெரியாது. வயல் வரப்பில் வழுக்கி விழுவது என்று நினைத்திருந்தாய். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் இப்போது உனக்குப் படி எடுக்கிறவள். துப்புக் கெட்டவனே, திருட்டுக்குக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டும். திருடுகிற வீட்டிலேயே சாட்சிக் கையெழுத்தும் கேட்கிறாய்.

கையெழுத்துக் கிடையாது. புடவையைக் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மேகலா

*

பெரம்பலூர்,
1.3.2025

அன்புள்ள அண்ணிக்கு ஹேமலதா எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அண்ணி, கோபப்படாமல் கேளுங்க. கல்லூரியில் சிவில் பிரிவை மூடப்போகிறார்கள். இந்த வருடம் சேர்ந்தது ஒரு பெஞ்சுக்குக்கூடக் காணாது. சொந்தப் பெயரில் புத்தகம் போட்டவரை முதலாண்டுப் பாடத்துக்கு வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் ஏப்ரலோடு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இது போன வருடம் வைகாசியிலேயே அவருக்குத் தெரியும். அவர் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் என்ன பேசுவீர்கள் என்று அவருக்குத் தெரியும், அதற்குப் பயம்.

ஜெயங்கொண்டத்துக்காரர்கள் தை மாதம் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். பேராசிரியர் பெண் என்று சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். இவர் இப்போதெல்லாம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்வதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா சொல்றது சரிதான்" என்றார். அவ்வளவுதான்.

அவர் செய்தது தப்பு அண்ணி. நிலத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் ப்ரியா உங்கள் பிள்ளையும்தானே.

ஹேமலதா

*

அரியலூர்,
10.3.2025

ராஜதுரைக்கு,

நாங்கள் நலம். உன் சர்க்கரையைக் கவனி.

உன் வேலை விஷயம் தெரிந்தது. யார் சொன்னார்கள் என்று வீட்டில் விசாரணை வைக்காதே. பூலாம்பாடி வெயிலில் நீ எதற்கு அலைந்தாய் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அக்காவிடம் திட்டு வாங்குவதற்குப் பயந்து அக்காவின் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறாய். இவ்வளவு கேவலமான கோழைத்தனத்தை நான் வாரியத்தில்கூடப் பார்த்ததில்லை. அங்கே கோழைகளுக்குப் பஞ்சமே கிடையாது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமாவும் போட்டிருக்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே. இது உனக்காக இல்லை. பூ வைத்த பிறகு அந்தப் பெண் தலைகுனியக் கூடாது.

வீரமணியின் பத்திரத்தில் கடைசியாக ஒரு வரி என் கையால் சேர்த்திருக்கிறேன். 'மேற்படி மேகலா பிழைதிருத்திக் கொடுத்த படியில் ஒரு எழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ ராஜதுரைக்கு உரிமை இல்லை.' அதன் கீழே நீயும் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் எனக்கு அனுப்ப வேண்டும். போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை சொல்கிறேன், எல்லாக் கட்டத்தையும் படித்துவிட்டுப் போடு. பிறகு என்னைக் குறை சொல்லாதே.

புடவையும் இத்துடன் வருகிறது. ஹேமா கட்டிக்கொள்ளட்டும்.

மேகலா

*

பெரம்பலூர்,
2.8.2025

அக்காவுக்கு,

வணக்கம். கையெழுத்திட்ட நகலை மார்ச் மாதமே அனுப்பினேன், கிடைத்திருக்கும். வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு அனுப்பியும் நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதுகிற வேலை இருந்திருக்காது.

திருச்சியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் சிறப்பு விருந்தினர். மேடையில் புத்தகத்தைப் பிரித்து, "நான் எந்தப் புத்தகத்தையும் நடுவுலேருந்துதான் படிப்பேன்" என்று சொல்லிவிட்டு மைக்கில் படிக்க ஆரம்பித்தார். 'மேகலா கோடைக்கு முன்பே மின்மாற்றியின் சுமையை அளந்தாள்.' அடுத்த கட்டம், 'மேகலா எந்திரத்தின் சுழலச்சில் இருந்த அயர்வு விரிசலைக் கண்டுபிடித்தாள்.' பக்கத்தைத் திருப்பினார். 'மேகலா மோட்டாரின் நழுவலைக் கணக்கிட்டாள்.' 'கடைக்கால் சரியில்லை என்று மேகலா சொன்னாள், யாரும் கேட்கவில்லை, மோட்டார் ஆடியது.' அதற்குள் மாணவர்கள் கைதட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நீங்கள்தான் இருந்தீர்கள். என் சிவில் கட்டத்தில் மட்டும் 'ஒருவர்' என்று இருந்தது.

"யாருங்க சார் இந்த மேகலா? பெரிய கைகாரியா இருக்காங்களே!" என்று என் பக்கம் மைக்கை நீட்டினார். சேர்மன் பார்க்கிறார். ப்ரியாவுக்கு மாமனாராகப் போகிறவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கற்பனைப் பெயர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "எங்க அக்காங்க. இந்தப் பகுதி முழுக்க அவங்க எழுதினது" என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு ஆபத்தில்லை. அச்சான புத்தகத்தை அவர்களால் திரும்பப் பெற முடியவில்லை. எல்லாத் துறை முதலாண்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஜெயங்கொண்டத்துக்காரர், "சம்பந்தி வீட்டுல ரெண்டு இன்ஜினியரா?" என்று கேட்டார், அவ்வளவுதான். நூலகத்தில் யாரும் என் பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்பதில்லை. "மேகலா புக் இருக்கா சார்?" என்கிறார்கள். என்னிடமே வந்து அப்படித்தான் கேட்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் உங்கள் பெயரையும் அட்டையில் போடலாம் என்று சேர்மன் சொல்கிறார். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். நேரில் என்றால் நேரில்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் ஹேமாவும் வருகிறோம். தைலம் கொண்டுவருகிறேன்.

ராஜதுரை

*

அரியலூர்,
5.8.2025

தம்பி ராஜதுரைக்கு அக்கா எழுதுவது. சுகம். மாமாவும் சுகம். உன் கடிதத்தை அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மோட்டார் ஆடிய இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

வா. ஹேமாவை அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வரச் சொல். சாப்பாட்டில் உப்புப் போடுகிறேன், பயப்படாதே.

அட்டையில் பெயர் போடுவது இருக்கட்டும். எட்டாம் மாதம் அனுப்பியதற்கு அடுத்த எட்டாம் மாதம் கோபக் கடிதம் போடுகிறாய், அதுவும் வேறு ஒருவர் மைக்கில் படித்துக் காட்டிய பிறகு. அதனால் வருகிறபோது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் உனக்கு வேறு வேலை இல்லை. வாசலில் வைத்தே கேட்பேன்: இப்பவாவது முழுசா படிச்சியா, இல்ல என் பேரு வர்ற எடத்த மட்டும் தேடுனியா?

மேகலா